கிழக்கே என்றால் மேற்கே

ஜூன் 3, திங்கள்

இன்று ஏலக் கொட்டகையில் இருந்தவர்கள்: ஊர்த் தலைவர் தவசி. என் மருமகள் பூமயில், கடல் பாசி எடுக்கும் பெண்கள் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. சங்கத்துப் பெண்கள் எல்லாரும், காய்ச்சலில் கிடக்கிற செல்லக்கிளி நீங்கலாக. நண்டு வலைக்காரர்கள் நாலு பேர். பக்கத்து ஊர் புதுக்குடாவிலிருந்து விசைப்படகு முதலாளி வில்லாயுதம், அவரோடு ரெண்டு தடியன்கள். அரசாங்க ஆபீசிலிருந்து ஷர்மிளா மேடம். கடைசியில், தூணுக்குப் பின்னால், என் நாத்தனார் முத்திருளாயி. தூணுக்குப் பின்னால் நின்றால் எனக்குத் தெரியாது என்று நினைப்பு.

நான் மூணாப்பு வரைக்கும்தான். ஆனாலும் பேரை எழுதி வைக்கிறேன். நாளைக்கு எவரும் நான் அங்கே இல்லவே இல்லை என்று கையை விரிக்கக்கூடாது.

விஷயம் இதுதான். மனை போடுகிற மாதிரி இனிமேல் கடலையும் பிரிக்கப் போகிறார்களாம். இது கப்பல் போக, இது மீன் பிடிக்க, இது கடல் உயிர்கள் நிம்மதியாகக் கிடக்க என்று. மேடம் பெரிய கடல் படத்தைத் தரையில் விரித்தது. கச்சான் காற்று சும்மா விடுமா, சுருட்டிச் சுருட்டி அடித்தது. நாலு மூலையிலும் நாலு பெண்கள் உட்கார வேண்டியதாயிற்று. ஆளுக்கொரு ஸ்டிக்கர் பொட்டைக் கொடுத்து, "நீங்க தொழில் பாக்குற இடத்துல ஒட்டுங்க" என்றது.

எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. கிழக்கே போய் வந்தவன் மேற்கே என்று சொல்வான். மேற்கே போனவன் கிழக்கே என்பான். நல்ல இடத்தை வாயால் காட்டிவிட்டால் மறுநாள் பத்துப் படகு அங்கே நிற்கும். அதனால் இதை நாங்கள் பொய் என்று சொல்வதில்லை. வில்லாயுதம் மீசையைத் தடவிக்கொண்டு நிற்கும்போது கிழக்கே நாங்கள் பாசி எடுக்கிற பார் இருக்கிறது என்று எவள் காட்டுவாள்? நான்தான் முதலில் எழுந்து போய் மேற்கே ஒட்டினேன். அப்புறம் ஒவ்வொருத்தியாக.

முடிந்தபோது மேற்கே அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தது. கிழக்கே ஒரு பொட்டு இல்லை.

"கிழக்கே யாருமே போறதில்லையாம்மா?" என்று மேடம் கேட்டது.

"அங்க என்ன கிடக்கு தாயி. வெறும் சேறு" என்றேன்.

அந்தப் பிள்ளை என் விரல் நுனிகளைப் பார்த்தது. பாறையில் கிழிந்து கிழிந்து காய்த்த விரல்கள். முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

முத்திருளாயி மட்டும் பொட்டு ஒட்டவில்லை. கவனித்தேன்.

ஜூன் 4, செவ்வாய்

கச்சான். சோற்றில் மணல். மிச்சப் பொட்டுகளைப் பேத்தி ஆட்டின் நெற்றியில் ஒட்டியிருக்கிறாள்.

ஜூன் 7, வெள்ளி

கடலுக்குப் போகிற மாதிரி இல்லை. வீட்டுக்குள் இருக்கவும் முடியவில்லை. காய்ந்த பாசியில் கல் பொறுக்கினேன், எழுந்தேன், வாசலுக்குப் போனேன், திரும்பி வந்து அதே பாசியில் கல் பொறுக்கினேன். பூமயில், "அயித்தை, ஒரு இடத்துல உக்காருங்க, உங்களைப் பாத்து எனக்குத் தலை சுத்துது" என்றாள்.

முத்திருளாயி வீடு மூன்று வீடு தள்ளி. முப்பத்தொரு வருஷமாகப் பேச்சு இல்லை. சொல்ல வேண்டியது இருந்தால் ஆட்டிடம் சொல்லிக்கொள்வோம். இன்று தெருவில் நின்று என் ஆட்டிடம், "ஏ மூதேவி, பாரை மறைச்சது ஊருக்கு நல்லதில்லைன்னு உங்க வீட்டுக்காரிகிட்டச் சொல்லு" என்றாள்.

நானும் ஆட்டிடம், "வாயைத் திறக்க வேண்டிய அன்னைக்குத் திறக்காதவளுக்கு இப்ப என்ன பேச்சுன்னு கேளு" என்றேன்.

ஆடு ரெண்டு பேரையும் பார்த்துவிட்டு என் துடைப்பத்தைத் தின்னப் போனது.

இதையும் எழுதி வைக்கிறேன். பார் என்றால் கடலுக்குள் கிடக்கிற பாறைத் திட்டு. எங்கள் பாரில் மரிக்கொழுந்துப் பாசி தலைமுடி மாதிரி மண்டிக் கிடக்கும். பக்கத்திலேயே தாழை, அது கடல் புல். அதை மேய ஆவுளியா வரும், கடல் பசு, மாடு மாதிரியே மூச்சு விடும். இந்தப் பாரைக் கண்டுபிடித்தது என் வீட்டுக்காரர். எனக்கே அப்போது சொல்லவில்லை.

அந்த வருஷம் கடைக்குட்டியைப் பெற்று நான் தீட்டில் கிடந்தேன். அவர் துடுப்புப் போடுகிற சின்ன வத்தையில் தனியாகப் போனார். எங்கே போகிறார் என்று அவர் தங்கச்சிக்கு மட்டும் தெரியும், முத்திருளாயிதான் வத்தையைத் தள்ளிவிட்டாள். சாயங்காலம் வாடைப் புயல் அடித்தது. எங்கள் ஊரில் அன்று மோட்டார் படகு கிடையாது. புதுக்குடாக்காரர்கள் தேட வந்தார்கள். நான் வாசலைத் தாண்டக்கூடாது, நிலைப்படியில் நின்று பார்த்தேன். முத்திருளாயி இடுப்பளவு தண்ணீரில் நின்று கையை ஆட்டி ஆட்டிக் காட்டினாள். காற்றில் சத்தம் எனக்கு எட்டவில்லை. படகுகள் மேற்கே போயின.

அவர் கிடந்தது கிழக்கே. கவிழ்ந்த வத்தையின் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு கிடந்தார். மறுநாள் மதியம்தான் கண்டார்கள். காலை வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்றார் வைத்தியர்.

அண்ணன் சாகும்போதும் இடத்தைக் காட்டாமல் ஊர் முறையைக் காப்பாற்றினவள் அவள். அன்று அவள் கட்டியிருந்தது அரக்குச் சேலை, பச்சைக் கரை. இடது காதில் தோடு இல்லை. எனக்கு எதுவும் மறக்காது.

ஜூன் 13, வியாழன்

மேடம் திரும்ப வந்தது. இந்தத் தடவை படத்தில் வண்ணம் பூசியிருந்தார்கள். நாங்கள் பொட்டு வைத்த மேற்கு நீலம், அது மீன்பிடிக்க. கிழக்கே, சரியாக எங்கள் பாரின் மேல், அகலமாக ஒரு சிவப்புப் பட்டை.

"இது என்ன தாயி?"

"சரக்குக் கப்பல் வர்ற பாதைம்மா. ஆழம் பத்தாது, அதனால தோண்டுவாங்க. யாரும் பயன்படுத்தாத இடம்னு நீங்க எல்லாரும் சொன்னதால கப்பல் கம்பெனி அங்க கேட்டிருக்கு."

பூமயில் என் முகத்தைப் பார்த்தாள். நான் படத்தின் ஓரத்தில் இருந்த முத்திரையைப் பார்த்தேன்.

மேடம் எங்களை மட்டும் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னது. "எங்க ஆளுங்க முங்கிப் பாத்தாச்சு. மேற்கேதான் சேறு. கிழக்கே பவளம் இருக்கு, தாழை இருக்கு, ஆவுளியா மேய்ஞ்ச தடம் இருக்கு. அதை வச்சு, கடல் உயிர்களுக்கான இடம்னு அங்க பச்சை அடிக்கச் சொல்லி நான் கேக்குறேன். ஆனா பச்சைன்னு மட்டும் எழுதினா உங்களையும் உள்ள விட மாட்டாங்க. நீங்க அங்க காலங்காலமா பாசி எடுக்குறீங்கன்னு உங்க வாயால வரணும். அப்பத்தான் விசைப்படகுக்குத் தடை, கையால எடுக்குற உங்களுக்கு மட்டும் அனுமதின்னு கேக்க முடியும்."

"சரி, உங்கிட்ட ரகசியமாச் சொல்றோம். எழுதிக்க."

"ரகசியமா எழுதினா செல்லாதும்மா. இருபதாம் தேதி கூட்டத்துல, எல்லா ஊர்க்காரங்க முன்னாலயும் சொல்லணும்."

"புதுக்குடாவும் வருமா?"

"வரும்."

கெட்டது போ.

ஜூன் 14, வெள்ளி

முழங்காலுக்குத் தைலம். பலன் இல்லை. வலி முழங்காலில் இல்லையோ என்னமோ.

ஜூன் 16, ஞாயிறு

சங்கத்துப் பெண்களைக் கரையில் கூட்டினேன். நான் சொன்னது இது: கோடு என்பது காகிதத்தில் போடுவது. காற்றடித்தால் காகிதம் பறக்கும். வில்லாயுதத்தின் படகு பறக்காது. பாரை அவனுக்குக் காட்டிவிட்டு, பச்சை வரும் என்று நம்பி உட்கார்ந்திருந்தால், ஒரு ராத்திரி இழுவை வலையில் அத்தனையும் போகும். கப்பல் பாதையை வேறு வழியில் எதிர்ப்போம். மனு கொடுப்போம், மறியல் செய்வோம். இடத்தை மட்டும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது.

"வேற வழின்னா எந்த வழி அயித்தை?" என்று பூமயில் கேட்டாள். "இல்லாத இடத்துக்கு எப்படி மறியல் பண்றது?"

மருமகள் நாலு பேர் முன்னால் கேட்கிற கேள்வியா இது. குறித்து வைத்திருக்கிறேன்.

கடல் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளிச் சத்தியம் வாங்கினேன். எல்லாரும் அள்ளினார்கள். பூமயிலும் அள்ளினாள், ஆனால் விரலை இடுக்கவில்லை, தண்ணீர் பாதி ஒழுகிப் போயிற்று. முத்திருளாயி குனியவே இல்லை. மணலில் கிடந்த பாசித் துணுக்கைக் காலால் புரட்டிக்கொண்டு நின்றாள்.

ஜூன் 18, செவ்வாய்

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து புதுக்குடாப் படகுகள் போகிற சத்தம். எண்ணெய் வாடை வீடு வரைக்கும். மீன் குழம்பில் புளி ரெண்டு தடவை போட்டுவிட்டேன். பேத்தி சாப்பிடவில்லை. ஆடு கூட.

ஜூன் 20, வியாழன்

பள்ளிக்கூடத்துப் பெரிய அறையில் கூட்டம். இருந்தவர்கள்: போன தடவை இருந்த அத்தனை பேரும். புதுக்குடாவிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள். கப்பல் கம்பெனிக்காரர் ஒருவர், வெள்ளைச் சட்டை, எல்லாருக்கும் தண்ணீர் பாட்டில் கொடுத்தார். மேடத்துக்கு மேலே உள்ள பெரிய அதிகாரி. காய்ச்சல் தெளிந்த செல்லக்கிளி. முத்திருளாயி, இன்று தூணுக்குப் பின்னால் இல்லை, இரண்டாவது வரிசையில்.

அதிகாரி கேட்டார்: "இந்தச் சிவப்புப் பகுதியில உங்களுக்குத் தொழில் எதுவும் இருக்கா? ஆட்சேபணை இருந்தா இப்ப சொல்லுங்க. அப்புறம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை."

மின்விசிறி மட்டும் கடகட என்றது. நான் பூமயில் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கப் போகிறவளை அமுக்கிப் பிடிக்கிற பிடி.

முத்திருளாயி எழுந்தாள்.

"இருக்குய்யா. கிழக்கே எங்க பார் இருக்கு. நானும், இங்க உக்காந்திருக்கிற எல்லாரும் அங்கதான் பாசி எடுக்குறோம். மேற்கே ஒட்டின பொட்டு அத்தனையும் பொய். பாருக்குத் தெக்க தாழை கிடக்கு. ஆவுளியா குட்டியோட வரும். போன மாசம் கூடப் பாத்தேன், குட்டி ஆத்தா முதுகோட ஒட்டிக்கிட்டு வந்துச்சு. அதைத் தோண்டிட்டா அது எங்கிட்டுப் போகும், நாங்க எங்கிட்டுப் போவோம்?"

வில்லாயுதம் சிரித்தார். புதுக்குடா வரிசை முழுவதும் சிரித்தது.

"சார், எழுதாதீங்க" என்றார் அதிகாரியிடம். "இவங்க ஊர்ல கிழக்கேன்னு சொன்னா மேற்கேன்னு அர்த்தம். எங்களுக்குத் தெரியாதா இவங்க கணக்கு."

முத்திருளாயி அவரைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை.

"வில்லாயுதண்ணே. நாலு பேர் முன்னால நான் கிழக்கேன்னு சொன்னது ஆயுசுல ரெண்டே தடவை. இது ரெண்டாவது. மொதத் தடவையும் நீங்க இப்படித்தான் சிரிச்சீங்களா?"

சிரிப்பு நின்றது. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். மடித்தார். மறுபடியும் விரித்தார்.

"அன்னைக்குச் சிரிக்கலை தாயி" என்றார். பிறகு அதிகாரியைப் பார்க்காமல், என்னையும் பார்க்காமல், கரும்பலகையைப் பார்த்துச் சொன்னார். "இந்தப் பொம்பளை அன்னைக்கும் கிழக்கேன்னுதான் கத்துச்சு. அண்ணன் கிழக்கே போயிருக்கான், கிழக்கே போங்கன்னு தண்ணிக்குள்ள இறங்கி வந்து கத்துச்சு. இவங்க ஊர்ப் பொம்பளை உண்மையைச் சொல்லுமான்னு நாங்கதான் மேற்கே திருப்பினோம். அது கத்தக் கத்த எங்களுக்கு மேற்கேதான்னு உறுதியாச்சு. படகை ஓட்டினது நான்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"எழுதுங்க சார்" என்றார். "கிழக்கேன்னு எழுதுங்க. நாங்க அங்க வலை போட மாட்டோம்."

மேடம் மறுபடியும் பொட்டுகளை எடுத்தது. பூமயில் முதலில் போனாள். எப்போது என் கையை விட்டாள் என்று தெரியவில்லை. செல்லக்கிளி போனாள். பிறகு எல்லாரும். என் கையிலும் யாரோ ஒரு பொட்டைக் கொடுத்தார்கள். அதை எங்கே ஒட்டினேன் என்று எழுதத் தேவையில்லை.

"அந்த இடத்துக்குப் பேர் என்னம்மா?" என்று அதிகாரி கேட்டார்.

பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பாருக்கு அவர் பேரைத்தான் ஊரில் சொல்வார்கள். கட்டியவள் அந்தப் பேரை எப்படிச் சொல்வது? முத்திருளாயிதான் சொன்னாள். தங்கச்சி சொல்லலாம். அதிகாரி பெரிய எழுத்தில் எழுதினார்.

முழங்கால் வலி. சீக்கிரம் வந்துவிட்டேன்.

ஜூன் 21, வெள்ளி

ஒன்றும் இல்லை.

ஜூன் 22, சனி

ஒன்றும் இல்லை. பாத்திரம் எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்தேன். தேய்த்ததையே மறுபடி தேய்த்தேன்.

ஜூன் 24, திங்கள்

உப்பு தீர்ந்துவிட்டது. கடை மூடியிருக்கும் என்று நினைத்தேன். ஜாடியில் உப்பு இருக்கிறது, கடையும் திறந்திருக்கிறது என்று பின்னாலிருந்து பூமயில் சொன்னாள். எனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை.

மூன்று வீடு தள்ளிப் போனேன். முத்திருளாயி வாசலில், முங்கும்போது மாட்டுகிற கண்ணாடியின் ரப்பரைத் தைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து ஆட்டைத் தேடினாள்.

"ஆட்டைக் கூட்டிட்டு வரலை" என்றேன். "உப்பு இருக்கா?"

கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்தாள். நான் நின்றேன்.

"ஏடி, நீ கிழக்கேன்னு சொன்னதை எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னேனே மதினி. பொதைச்சுட்டு வந்த அன்னைக்கே வந்தேன். கிழக்கேன்னுதான் சொன்னேன் மதினின்னு கதவைத் தட்டித் தட்டிச் சொன்னேன். கிழக்கேன்னா மேற்கேதானடின்னு உள்ள இருந்தே கேட்டே. தாப்பாள் போடுற சத்தம் கேட்டுச்சு. அதுக்கப்புறம் நான் எப்படிச் சொன்னாத்தான் நீ நம்புவே?"

எனக்கு அது ஞாபகம் இல்லை.

உப்பை வாங்கிக்கொண்டு வந்தேன். கல் உப்பு, நல்ல உப்பு.

ஜூன் 28, வெள்ளி

உத்தரவு வந்துவிட்டது என்று மேடம் போனில் சொன்னது. கிழக்கே பச்சை. விசைப்படகுக்குத் தடை. எங்களுக்குக் கையால் எடுக்க அனுமதி, பாசி முளைக்கிற மாதங்களில் மட்டும் நாங்களும் தொடக்கூடாது. அந்த மாதங்களில் அடுப்புக்கு என்ன வழி என்று கேட்டேன். அதையும் எழுதிக் கொடுங்கள், கேட்போம் என்றது. கேட்கட்டும். நானும் விடமாட்டேன்.

சிவப்புப் பட்டையை மேற்கே, சேற்றுப் பக்கம் தள்ளிவிட்டார்கள். நண்டு வலைக்காரர்கள் நாலு பேரும் இப்போதுதான் வந்து எங்கள் நண்டு அங்கேதான் என்று கத்துகிறார்கள். அன்று அவர்கள் பொட்டு ஒட்டியது எங்கே என்று நான் பார்த்தேன். நடுக்கடலில்.

ஜூலை 2, செவ்வாய்

கச்சான் கொஞ்சம் ஓய்ந்தது. பாரைச் சுற்றி மிதவை போடப் போனோம். படகில் இருந்தவர்கள்: ஷர்மிளா மேடம், ரெண்டு தடவை வாந்தி எடுத்தது, ஆனாலும் கயிற்றை விடவில்லை. பூமயில். செல்லக்கிளி. முத்திருளாயி. நான். மிதவைகளை ஏற்றிக்கொண்டு இன்னொரு படகில் வில்லாயுதமும் அவர் ஆட்களும்.

எனக்கு வரவேண்டிய அவசியம் இல்லை. முழங்கால் இருக்கிற நிலையில் வரக்கூடாது. ஆனால் இடம் சரியா என்று பார்க்க ஆள் வேண்டும் அல்லவா.

இத்தனை வருஷம் அந்தத் தண்ணீரில் முங்கியிருக்கிறேன். மேலே உட்கார்ந்து பார்த்தது இன்றைக்குத்தான். கல் கட்டிய கயிறு ஒவ்வொன்றாக இறங்கியது. மஞ்சள் மிதவைகள் அலையில் ஆடின. இனி கிழக்கே என்றால் கிழக்கே. யார் வேண்டுமானாலும் கரையிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். எனக்கு உடம்பு கூசியது, முக்காடு இல்லாமல் சந்தைக்கு வந்த மாதிரி.

தாழைப் பக்கம் மூச்சுச் சத்தம் கேட்டது. பூமயில் கை காட்டினாள். சாம்பல் முதுகு ஒன்று புரண்டு மறைந்தது. குட்டி இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. இருந்தது என்கிறாள் முத்திருளாயி. சரி, இருந்தது.

திரும்பும்போது முத்திருளாயி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வெற்றிலையைக் கிள்ளிப் பாதியைக் கொடுத்தாள்.

"இனிமே யாரை வைவே மதினி?" என்றாள். "பொழுது போகாதே உனக்கு."

வெற்றிலையை வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். கம்பெனிக்காரர் கேட்டது அவர் வேலை, விட்டேன். மருமகள் விரலை இடுக்காததை விட்டேன். சத்தியம் மீறினவர்களை விட்டேன், மீறினவர்களில் நானும் உண்டு. முத்திருளாயியை விட்டேன் என்று அவளிடம் சொல்லவில்லை, கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அதில் கருவாடு வைத்தேன், தெரிந்துகொள்வாள்.

மேற்கே போனதைக் கூட விட்டுவிடலாம். புயலில், இருட்டில், எவனுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். ஆனால் அந்த ஆள் வருஷா வருஷம் எங்கள் ஊர்க் கோயில் கொடைக்கு வந்தான். பந்தியில் என் கையால் சோறு வாங்கித் தின்றான். ஒரே தெருவில் ரெண்டு பொம்பளைகள் ஆட்டிடம் பேசிக்கொண்டு கிழவிகளானதைப் பார்த்துக்கொண்டே இலையை மடித்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் கதவைத் திறந்திருப்பேன்.

கதவைச் சாத்தியது எனக்கு ஞாபகம் இல்லை. இதை மறக்க மாட்டேன். மன்னிக்கவும் மாட்டேன், புதுக்குடா வில்லாயுதத்தை.